ஹெப்பரின் பூட்டு: காவலா? பழக்கமா?

வாரத்துக்கு 168 மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்று டயாலிசிஸ் செய்துகொள்பவர் மெஷினோடு இருப்பது 12 மணி நேரம். பாக்கி 156 மணி நேரம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேத்திக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறார். கழுத்தில் கதீட்டர் போட்டவர் என்றால் அந்தக் குழாயும் கூடவே வீட்டுக்குப் போகிறது. அதன் ஒரு முனை நெஞ்சுக்கு மேல் பிளாஸ்திரிக்குள் இருக்கிறது. இன்னொரு முனை இதயத்தின் வலது மேலறையில் இருக்கிறது.

மெஷினோடு இருக்கும் 12 மணி நேரத்தைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். எந்த ஃபில்டர், எவ்வளவு ரத்த ஓட்டம், எவ்வளவு பைகார்பனேட் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆனால் மீதி 156 மணி நேரம் அந்தக் குழாய்க்குள் என்ன தேங்கி நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் கிடைப்பது ஒரே பதில்: "ஹெப்பரின் தானே?"

பிரச்சினை அந்த "தானே"-யில் இருக்கிறது.

குழாய்க்கு எதற்குப் பூட்டு?

டயாலிசிஸ் கதீட்டரில் இரண்டு பாதைகள் உண்டு. சிவப்பு முனை வழியாக ரத்தம் வெளியே வரும், நீல முனை வழியாக உள்ளே போகும். டயாலிசிஸ் முடிந்ததும் இரண்டையும் சலைன் விட்டு அலசுகிறார்கள். அப்படியே விட்டால் முனையில் ரத்தம் ஏறி உறைந்து, அடுத்த தடவை குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பாதையிலும் அதன் கொள்ளளவுக்குச் சரியாக ஒரு திரவத்தை நிரப்பி கிளாம்பை மூடிவிடுகிறார்கள். ஒரு பாதைக்குச் சுமார் இரண்டு மில்லி. சரியான அளவு குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இதற்குப் பெயர்தான் லாக் சொல்யூஷன். தமிழில் பூட்டுத் திரவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூட்டுக்கு இரண்டு வேலை. ஒன்று, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு, கிருமி குடியேறாமல் பார்த்துக்கொள்வது. ஹெப்பரினுக்கு முதல் வேலை தெரியும். இரண்டாவது வேலை சுத்தமாகத் தெரியாது. அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, கிருமிநாசினி கிடையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, குழாய்ச் சுவரில் பாசி மாதிரி ஒட்டி வளர்வதை ஹெப்பரின் தூண்டிவிடுகிறது என்று 2005-ல் ஆய்வகச் சோதனை ஒன்று காட்டியது. ஆய்வகத்தில் கண்டது அப்படியே உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் காவலுக்கு வைத்த ஆள், திருடனுக்குத் திண்ணையில் பாய் விரித்துப் போடுகிறாரோ என்ற சந்தேகமாவது வரவேண்டும். அந்தச் சந்தேகம் வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. பூட்டு மட்டும் மாறவில்லை.

நடுங்கும் கட்டில்

டயாலிசிஸ் யூனிட்டில் வேலை செய்பவர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சி. காலை ஷிஃப்டுக்கு ஒருவர் நன்றாக நடந்து வருகிறார். காய்ச்சல் இல்லை. மெஷினில் இணைத்து அரை மணி நேரம் ஆகும்போது பல் கிட்டித்து, கட்டிலே ஆடும் அளவுக்கு உடம்பு நடுங்குகிறது. போர்வைமேல் போர்வை போர்த்துகிறார்கள். அவில் ஊசி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. "ஆர்.ஓ. தண்ணி சரியில்லையோ?", "ஏசி ஜாஸ்தியா இருக்கு" என்று ஆளுக்கொரு காரணம்.

பக்கத்துக் கட்டிலில் அதே ஆர்.ஓ. தண்ணீர், அதே ஏசி. அங்கே படுத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அவர் கையில் ஃபிஸ்டுலா. நடுங்குபவர் கழுத்தில் குழாய்.

தண்ணீரால் நடுக்கம் வராது என்று அர்த்தமில்லை. வரும். ஆனால் கழுத்தில் குழாய் இருப்பவருக்கு நடுக்கம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயைத்தான். இரண்டு நாள் சும்மா கிடந்த குழாயின் உள்சுவரில் கிருமிகள் பாசிப்படலம் கட்டி வாழ்கின்றன. மெஷின் ஓடத் தொடங்கியதும் நிமிஷத்துக்கு 250, 300 மில்லி வேகத்தில் ரத்தம் அதைக் கடந்து ஓடுகிறது. படலம் பிய்ந்து நேராக இதயத்துக்குள் போகிறது. அங்கிருந்து இதய வால்வில் ஒட்டலாம், முதுகெலும்புக்குப் போகலாம். டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் இதய நோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது கிருமித் தொற்று.

பாசிப்படலத்துக்குள் ஒளிந்த கிருமியை ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக்கால் பிடிப்பது மிகவும் கஷ்டம். தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, படலத்துக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. பல சமயம் குழாயையே பிடுங்கி எறிந்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அப்படிப் போடப் போட, கழுத்தில் இருக்கும் நல்ல நரம்புகள் ஒவ்வொன்றாக அடைத்துப் போகும். கடைசியில் குழாய் போட இடமே இல்லாத நோயாளி மிஞ்சுவார்.

ஹெப்பரின் எப்படி ஜெயித்தது?

போட்டியிட்டு ஜெயிக்கவில்லை. முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் கண்ட ஒரு பொருளிலிருந்து ஹெப்பரின் கதை ஆரம்பிக்கிறது. டயாலிசிஸ் வந்தபோது மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் ஏற்கெனவே யூனிட்டில் இருந்தது. குழாய் வந்தபோது அதே பாட்டிலிலிருந்து இரண்டு மில்லி எடுத்துக் குழாயிலும் விட்டார்கள். கைக்கு எட்டியது பழக்கமானது. பழக்கம் விதியானது. அதற்குப் பிறகு எந்தப் புதுத் திரவம் வந்தாலும் "ஹெப்பரினைவிட நீ மேல் என்று நிரூபி" என்று கேட்கிறார்கள். ஹெப்பரினிடம் மட்டும் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

கேட்டால் என்ன தெரியும்?

பல யூனிட்களில் ஹெப்பரின் மில்லிக்கு 5000 யூனிட் என்ற அடர்த்தியில் போடப்படுகிறது. இரண்டு பாதை, பாதைக்கு இரண்டு மில்லி என்றால் மொத்தம் 20,000 யூனிட். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் காலில் ரத்தக்கட்டி என்றால் முதல் டோஸாகப் போடுவது கிலோவுக்கு 80 யூனிட் கணக்கில் 4800. அதாவது நான்கு டோஸ் ஹெப்பரின் அந்தக் குழாய்க்குள் நிற்கிறது. அடுத்த தடவை இணைக்கும்போது அதை உறிஞ்சி வெளியே கொட்ட மறந்தால் அத்தனையும் உடம்புக்குள் போய்விடும்.

மறக்காவிட்டாலும் பிரச்சினை முழுதாகத் தீராது. எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் நிரப்பும்போதே ஒரு பங்கு குழாய் முனைத் துளைகள் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனவரின் ரத்தம் உறையும் நேரம் நீண்டு போவது இதனால்தான். அடுத்த நாள் பல் பிடுங்கப் போகிறவர், வயிற்றில் புண் இருப்பவர், கீழே விழுந்து தலையில் அடிபடக்கூடிய வயதானவர் எல்லோருக்கும் இது விளையாட்டில்லை. போதாததற்கு, சிலருக்கு ஹெப்பரினே ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, உறைவதைத் தடுப்பதற்குப் பதில் உறைவை உண்டாக்கும் எதிர்வினையைத் தூண்டும். அவர்களுக்குப் பூட்டுக்கு விடும் அளவு கூட ஆபத்து.

"காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம், பாதுகாப்பானது" என்பவர்கள் 2008-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஹெப்பரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் மருந்து. அந்த வருஷம் சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் வேறொரு ரசாயனம் கலந்திருந்தது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்ட குழந்தைகளுக்கு வந்த ஒவ்வாமையிலிருந்துதான் அது வெளியே தெரிந்தது. பழைய மருந்து என்பது ஒரு சான்றிதழ் ஆகாது.

போட்டிக்கு வந்தவர்கள்

முதல் ஆள் சிட்ரேட். டிரைசோடியம் சிட்ரேட் என்பது ஒரு சாதாரண உப்பு. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்ததானம் செய்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள், ரத்தப் பையின் அடியில் இருக்கும் தெளிந்த திரவத்தில் இருப்பது இதுதான். லேபில் உறைவு நேரம் பார்க்க ரத்தம் எடுக்கும் நீலமூடி ட்யூபில் இருப்பதும் இதுதான். ரத்தத்தைச் சேமிக்க 1914-லிலேயே பெல்ஜியத்திலும் அர்ஜென்டினாவிலும் சிட்ரேட்டைப் பயன்படுத்திவிட்டார்கள். ஹெப்பரினைவிட இரண்டு வருஷம் மூத்தது!

4% சிட்ரேட்டையும் 5000 யூனிட் ஹெப்பரினையும் ஒப்பிட்டு 2008-ல் கனடாவில் 61 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், குழாய் அடைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சிட்ரேட் ரத்தத்தில் கசிந்தாலும் உடம்பு சில நிமிஷங்களில் அதைச் செரித்துவிடும். ரத்தக்கசிவு பயம் இல்லை, தட்டணு எதிர்வினை இல்லை. அடைப்பைத் தடுப்பதில் சமம், ஆபத்தில் குறைவு. பிறகு எதற்கு ஹெப்பரின்?

அடர்த்தியை ஏற்றினால் சிட்ரேட் கிருமியையும் அடக்கும். நெதர்லாந்தில் பல மருத்துவமனைகளில் 291 நோயாளிகளிடம் 30% சிட்ரேட்டையும் ஹெப்பரினையும் ஒப்பிட்டு 2005-ல் வெளியான ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆயிரம் குழாய் நாட்களுக்கு (பத்துப் பேர் நூறு நாள் குழாயோடு இருந்தால் ஆயிரம் நாள்) ஹெப்பரின் பக்கம் 4.1 ரத்தத்தொற்று. சிட்ரேட் பக்கம் 1.1. வருஷக் கணக்கில் சொன்னால், ஹெப்பரின் பூட்டோடு இருக்கும் இரண்டு பேருக்கு வருஷத்தில் மூன்று தடவை ரத்தத்தொற்று. சிட்ரேட்டோடு இருக்கும் ஐந்து பேருக்கு வருஷத்தில் இரண்டு தடவை. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

சிட்ரேட்டுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை மறைத்தால் இந்த வாதம் நேர்மையாக இருக்காது. 2000 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. டயாலிசிஸ் குழாயில் 46.7% சிட்ரேட் செலுத்தப்பட்ட ஒருவர் இதயம் நின்று இறந்துபோனார். குழாயின் முனை இதயத்துக்குள் இருக்கிறது. அவ்வளவு அடர்த்தியான சிட்ரேட் ஒரே மூச்சில் அங்கே போனால் இதயத் தசைக்குக் கால்சியம் கிடைக்காது. அந்த மரணத்தைக் காட்டி சிட்ரேட் என்ற பெயரையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. 46.7 என்பது 4-ஐப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல். மிளகாய்த்தூளை டம்ளரில் கரைத்துக் குடித்தவனைக் காட்டி ரசத்தில் காரமே கூடாது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டாவது ஆள் ஆல்டிப்ளேஸ். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்து. கனடாவில் 225 பேரிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு மூன்று தடவையும் ஹெப்பரின். இன்னொரு குழுவுக்கு வாரத்தில் ஒரு தடவை ஆல்டிப்ளேஸ், மற்ற இரண்டு தடவை ஹெப்பரின். குழாய் கெட்டுப்போனது முதல் குழுவில் 34.8%, இரண்டாவதில் 20%. ரத்தத்தொற்று முதல் குழுவில் 13%, இரண்டாவதில் 4.5%. ஆல்டிப்ளேஸ் கிருமியைக் கொல்லும் மருந்தே இல்லை! உறைந்த ரத்தம்தான் கிருமிக்கு மெத்தை. மெத்தையை எடுத்தால் கிருமிக்குப் படுக்க இடமில்லை. விலைதான் இதன் பெரிய குறை.

மூன்றாவது ஆள் ஜென்டமைசின். சிட்ரேட்டோடோ ஹெப்பரினோடோ கலந்து விடும் ஆன்டிபயாடிக். மில்லிக்கு 320 மைக்ரோகிராம் என்ற மிகக் குறைந்த அளவில் 4% சிட்ரேட்டோடு கலந்து அமெரிக்காவில் 555 நோயாளிகளிடம் பார்த்தபோது, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 1.68 ஆக இருந்த தொற்று 0.45 ஆனது. இது 2014-ல் வெளியானது. ஆனால் அதற்கு நான்கு வருஷம் முன்பு வெளியான இன்னொரு அமெரிக்க அனுபவம் பயமுறுத்துகிறது. அங்கே மில்லிக்கு 4 மில்லிகிராம், அதாவது பன்னிரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியில் போட்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஜென்டமைசினுக்கு அடங்காத கிருமிகள் தலைகாட்டின. கடைசியில் அந்தப் பூட்டையே நிறுத்த வேண்டியதாயிற்று. இன்னும் அதிக அடர்த்தியில் போட்ட இடங்களில் மருந்து ரத்தத்தில் கசிந்து, காது பாதிப்பும் வந்தது. சிறுநீரகம் போனவருக்குக் காதும் போகவேண்டுமா?

நான்காவது ஆள் டாரோலிடின். டாரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வந்த பொருள். ஆன்டிபயாடிக் வகையில் சேராது, கிருமியின் சுவரோடு நேராக வினைபுரிந்து கொல்லும். ஐரோப்பாவில் பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 795 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், டாரோலிடினும் ஹெப்பரினும் கலந்த பூட்டு போட்டவர்களில் 9 பேருக்குத் தொற்று வந்தது. வெறும் ஹெப்பரின் போட்டவர்களில் 32 பேருக்கு. ஆபத்து 71% குறைவு. இதுவும் பலன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட ஆய்வு. 2023 நவம்பரில் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. அங்கே ஒரு சின்னக் குப்பியின் பட்டியல் விலை நூற்றுக்கணக்கான டாலர்.

நான்கு நாடகத்திலும் தோற்கும் வில்லன் ஒருவனே. ஒவ்வொரு ஆய்விலும் எதிர்ப்பக்கம் நின்று அதிகத் தொற்றைக் காட்டியது, அல்லது கூடுதல் ஆபத்தோடு வெறும் சமநிலையைக் காட்டியது, தனி ஹெப்பரின்தான்.

"ஆனால்..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு

"ஹெப்பரினால் குழாய் நன்றாகத்தானே ஓடுகிறது?" குழாய் ஓடுகிறது. ஆள் ஓடுகிறாரா என்பதுதான் கேள்வி. பூட்டை அளக்க அடைப்பு என்ற ஒரே அளவுகோலை வைத்தால் ஹெப்பரின் பாஸ். நோயாளி எத்தனை தடவை காய்ச்சலோடு அட்மிட் ஆனார் என்ற அளவுகோலை வைத்தால் ஃபெயில். எந்த அளவுகோல் என்று முடிவு செய்வது யார்? குழாயைப் பார்ப்பவரா, குழாயைச் சுமப்பவரா?

"கை கழுவி, மாஸ்க் போட்டு, குழாய் முனையைத் தேய்த்துத் துடைத்தால் போதும். திரவத்தில் ஒன்றுமில்லை." இது பாதி உண்மை. சுத்தம் இல்லாத யூனிட்டில் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. சுத்தமான யூனிட்டில் தொற்று ஏற்கெனவே குறைவு என்பதால் புதுப் பூட்டின் லாபமும் குறையும் என்பதும் சரி. ஆனால் அந்த 795 பேர் ஆய்வில் ஹெப்பரின் பக்கம் தொற்று ஆயிரம் நாளுக்கு 0.46 மட்டுமே. ஓரளவு நல்ல நிலைமைதான். அங்கேயே பூட்டு மாற்றியதும் 0.13 ஆகக் குறைந்தது. தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்தவர் கொசுவலை கட்டக்கூடாது என்று சட்டமா?

"செலவு யார் தருவது?" நியாயமான கேள்வி. டாரோலிடினும் ஆல்டிப்ளேஸும் எல்லோருக்கும் கட்டுபடியாகாது. ஆனால் 4% சிட்ரேட்? அது ஒரு உப்புக் கரைசல். காப்புரிமை இல்லை, பெரிய விலை இல்லை. அதனால்தான் அதற்காகப் பேச யாருமில்லை. லாபமில்லாத உப்புக்கு எந்தக் கம்பெனி கருத்தரங்கம் நடத்தி பேனாவும் பையும் கொடுக்கும்? செலவுக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு ரத்தத்தொற்று என்றால் அட்மிஷன், பிளட் கல்ச்சர், வான்கோமைசின், எக்கோ, புதுக் குழாய், கூடவே இருக்கும் மகனோ மனைவியோ இழக்கும் சம்பளம். கடைசியில் சொன்னது எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் வராது.

"ஆன்டிபயாடிக் கலந்தால் எதிர்ப்புக் கிருமி வரும்." உண்மை. அதனால்தான் ஜென்டமைசினைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் விடக்கூடாது. இங்கே இரண்டு தப்பு எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று, எதையும் மாற்றாமல் ஹெப்பரினே கதி என்று இருப்பது. இன்னொன்று, தொற்று அதிகமானால் ஆம்பூலை உடைத்துக் கண்ணளவில் கொஞ்சம் ஜென்டமைசினை சிரிஞ்சில் சேர்த்துவிடுவது. 320 மைக்ரோகிராமுக்கும் 4 மில்லிகிராமுக்கும் நடுவில்தான் நன்மையும் கேடும் பிரிகின்றன. அந்த அளவைக் கண்ணால் பார்த்து அளக்க எந்த மனிதனாலும் முடியாது.

எண்ணப்படாதது நடக்காதது போல

இந்தியாவில் 2016-ல் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ். நல்ல திட்டம். முன்பு டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நிலத்தை விற்ற குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களின் வெற்றி பேசப்படுவது எத்தனை செஷன் நடந்தது என்ற கணக்கில். நூறு செஷன், லட்சம் செஷன். அந்த லட்சம் செஷனுக்கு நடுவில் வீட்டில் கழிந்த மணி நேரங்களில் எத்தனை பேருக்குக் குளிர் ஜுரம் வந்தது?

டயாலிசிஸ் தொடங்கும்போது ஃபிஸ்டுலா இல்லாமல் குழாயோடு தொடங்குவது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவிலேயே புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் சுமார் 80% பேர் குழாயோடுதான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டிலும் மூச்சு வாங்கி, கால் வீங்கி, வாந்தியோடு வரும்போதுதான் பலருக்குச் சிறுநீரகம் போனதே தெரிகிறது. அன்று இரவே குழாய். ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்து அது பழுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இரண்டு மூன்று மாதம் பல பேருக்கு ஒன்றிரண்டு வருஷமாக நீள்கிறது. எனவே "குழாய் தற்காலிகம்தானே, பூட்டைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு" என்பது செல்லாது.

என்ன செய்யலாம்?

முதல் வேலைக்குப் பணமே வேண்டாம். பூட்டுத் திரவம் ஒரு மருந்து. மருந்து என்றால் அதன் பெயர், அடர்த்தி, அளவு மூன்றும் கேஸ் ஷீட்டில் எழுதப்பட வேண்டும். "லாக்டு" என்று ஒரு வார்த்தை எழுதி டிக் அடிப்பது போதாது. எதை விட்டார்கள் என்று எழுதாத இடத்தில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

இரண்டாவது, வழக்கமான பூட்டாக 4% சிட்ரேட்டை வைக்க வேண்டும். ஊசிக்குரிய தரத்தில், அதற்கென்றே தயாரானது, லேபில் கரைத்தது இல்லை. குறைந்த அடர்த்தி சிட்ரேட்டை முடிந்த இடத்தில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க சிறுநீரக அறக்கட்டளையின் 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆதாரம் பலவீனம் என்பதை அதே வழிகாட்டுதல் ஒத்துக்கொள்கிறது. 4% சிட்ரேட் கிருமியைக் கொல்லும் மாயமருந்து என்று யாரும் சொல்லவில்லை. அது செய்வது, ஹெப்பரினின் வேலையை ஹெப்பரினின் ஆபத்து இல்லாமல் செய்வது. சிட்ரேட் கிடைக்காத ஊரில் ஹெப்பரின்தான் என்றால், 5000 யூனிட்டுக்குப் பதில் மில்லிக்கு 1000 யூனிட் போதுமா என்றாவது யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே ரத்தத்தொற்று வந்தவர், வேறு குழாய் போட இடமில்லாதவர், ஃபிஸ்டுலாவுக்கு நரம்பு இல்லாதவர் ஆகியோருக்குக் கிருமியைக் கொல்லும் பூட்டு. டாரோலிடின் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் மருந்தகத்தில் அளந்து தயாரித்த குறைந்த அளவு ஜென்டமைசின்-சிட்ரேட், கூடவே எதிர்ப்புக் கிருமி வருகிறதா என்ற கண்காணிப்பு. காப்பீட்டுத் திட்டங்கள் செஷனுக்குப் பணம் கொடுப்பது போல இதற்கும் கொடுக்க வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு யூனிட்டும் ஆயிரம் குழாய் நாளுக்கு எத்தனை தொற்று என்று எண்ணிச் சுவரில் ஒட்டட்டும். நோயாளிகளின் வீட்டார் அதைப் படிக்கட்டும். வெட்கமாக இருந்தால் நல்லது, வெட்கம் நிறைய விஷயங்களைச் சரிசெய்யும்.

கடைசியாக, எல்லாப் பூட்டையும் தோற்கடிக்கும் பூட்டு ஒன்று உண்டு. குழாயே இல்லாமல் இருப்பது. 1966-ல் நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ என்ற மருத்துவர்களும் கூட்டாளிகளும் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துக் காட்டியதிலிருந்து ஃபிஸ்டுலா இருக்கிறது. கிரியாட்டினின் ஏற ஏறப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி நாளில் கழுத்தில் குழாய் போடும் பழக்கம் மாறாதவரை, பூட்டுச் சண்டையும் தீராது.

ஆனால் அது மாறும்வரை காத்திருக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு மாலை ஷிஃப்ட் முடிந்து, கழுத்தில் பிளாஸ்திரியோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவருக்கு அடுத்த டயாலிசிஸ் நாளை மறுநாள். சனிக்கிழமை முடித்தவர் என்றால் செவ்வாய்க்கிழமை வரை 68 மணி நேரம். அவ்வளவு நேரமும் அவர் இதயத்துக்குள் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குக் காவல், யாரோ ஒரு சிரிஞ்சில் எடுத்து விட்ட இரண்டு மில்லி திரவம்.

டயாலிசிஸ் யூனிட்டுக்கு போஸ்டிங் போகும் மாணவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இங்கே என்ன லாக், எத்தனை சதவீதம், ஏன்?" முதல் இரண்டுக்குப் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதற்கு "எப்பவும் இதுதான்" என்று பதில் வந்தால், காரணம் இன்னும் யாராலும் சொல்லப்படவில்லை என்று அர்த்தம்.